அங்கம்மாவுக்குத் தெரிந்த ஜப்பான்

பிரவீனா அந்தப் பயணத் திட்டத்தை அச்சடித்து, லெமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டு வளையம் மாட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோதே அங்கம்மாவுக்கு வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டது. ஏழு நாளுக்கு ஏழு அட்டை. ஏழரைக்கு எழுவது, எட்டே காலுக்குப் பசியாறுவது, ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பது. சந்தோஷத்துக்கு மஞ்சள் நிறம் அடித்திருந்தாள்.

“அலாமாக், பாத்ரூம் போற நேரத்த போடாம விட்டுட்டியே?”

பிரவீனாவுக்கு அது கிண்டலாகப் படவில்லை. “இருக்குக்கா. இந்தா பாருங்க, நீலக் கலர்ல.”

பிரவீனா, அங்கம்மாவின் தம்பி ரூபேந்திரனின் மனைவி. இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் பாலம் தாண்டித் திரும்புகிறவர்கள். பெற்ற பிள்ளைகளின் முகத்தைச் சனி ஞாயிறில்தான் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அந்தக் குறையை வருடத்துக்கு ஒரு வாரம் வெளிநாடு கூட்டிப்போய் அடைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள். இந்த முறை ஒசாகா.

“நீங்களும் வர்றீங்கக்கா. ஜப்பான் பாஷை தெரிஞ்ச ஆளு வீட்டுலயே இருக்கறப்ப நாங்க எதுக்கு கைடு பிடிக்கணும்?” என்றாள் பிரவீனா.

அந்த அழைப்பிலேயே ஆயா வேலை மணந்தது. இவர்கள் கடை கடையாய் ஏறி இறங்க, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். அது தெரியாதவள் அல்ல அங்கம்மா. இப்போது உலு திராமில் ஒரு டோபிக் கடையில், காசு போட்டால் சுற்றும் பதினாறு துவைக்கும் இயந்திரங்களுக்குக் காவல் இருக்கிறாள். அங்கே வருகிறவர்கள் கூடையை வைக்கும் விதத்திலேயே யார் நம்மை மனுஷியாய் மதிக்கிறார்கள், யார் இயந்திரத்தில் பதினேழாவதாகச் சேர்க்கிறார்கள் என்று கண்டுகொள்வாள். ஆனாலும் வருகிறேன் என்று சொன்னாள். வரமாட்டேன் என்றால் காரணம் சொல்லவேண்டும். அந்தக் காரணத்தை அவள் இருபத்தேழு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் இதுதான். அங்கம்மாவுக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஒசாகாவும் தெரியாது.

ரெங்கத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் தெப்ராவ் பக்கம் இருந்த ஒரு ஜப்பான்காரக் கம்பெனியில் சேர்ந்து, இருபத்தெட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவள் அவள். கார் ரேடியோவுக்கு முன்பக்கம் வைக்கும் பளபளப்பான கறுப்புப் பலகையைச் செய்த கம்பெனி. அவள் வேலை பரிசோதனை. வட்ட விளக்கின் கீழே பலகையைப் பிடித்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். ஒன்றுக்கு ஆறு விநாடி. கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. முடி அளவு கீறல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணாலேயே கலியாணமும் ஆகாமல் போனது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் அவள் அதேபோலச் சாய்த்துப் பார்த்து, மூன்று பேரையும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டாளாம்.

தொண்ணூற்றேழில் அவளையும் இன்னும் நான்கு பெண்களையும் ஒசாகாவில் இருந்த தலைமைத் தொழிற்சாலைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எஸ்டேட்டில் பிறந்த பெண் விமானம் ஏறுகிறாள் என்று கோவிலில் அர்ச்சனை செய்து, மாலை போட்டு வழியனுப்பினார்கள். அங்கே போனபிறகு அவள் கண்டது தொழிற்சாலை, தங்குவிடுதி, இரண்டுக்கும் நடுவில் எழுநூறு தப்படித் தார்ச்சாலை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தார்கள். ஒருநாள் ஊரிலிருந்து கொண்டுபோன டின் மீனைக் கறி வைத்தார்கள். நாற்றம் என்று பக்கத்துக் கட்டடத்தில் புகார் போய், அதற்குப்பின் சன்னலைத் திறக்கக்கூடாது என்றானது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மூடிய சன்னல்.

மேற்பார்வை பார்த்த ஹிராயாமா என்பவன் பேசிய மொழியைத்தான் அவள் கற்றாள். பச்சைத் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டி, “கிஸு!” என்பான். கீறல் என்று அர்த்தம். “டமே!” கூடாது. “ஹயாக்கு!” சீக்கிரம். “யரினாவோஷி!” திரும்பச் செய், முழுப் பெட்டியையும். இவள் பதிலுக்குத் தலை குனிந்து, “சுமிமாசென்” என்பாள். மன்னிக்கணும். மூன்று மாதமும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ஒசாகா விமான நிலையத்தில் ஆறு பட அஞ்சலட்டை வாங்கினாள். கோட்டை, செர்ரிப் பூ, பெரிய மீன்காட்சி சாலை, இப்படி ஆறு. அந்த ஆறையும் வைத்துக்கொண்டு ஊரில் கதை சொன்னாள். மாலை போட்டு அனுப்பியவர்களிடம் மூடிய சன்னலைப் பற்றி என்ன சொல்ல? அப்போது ரூபேந்திரனுக்குப் பதினொரு வயது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு அவன் தன் பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொன்னான். கதை வளர்ந்து, வேர் விட்டு, இப்போது விமானச் சீட்டாகக் காய்த்து அவள் கைக்கு வந்துவிட்டது.

ஒசாகாவில் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே வினை வந்தது. சின்னக் கடை. மாட்டிறைச்சி சேராததாக என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள் பிரவீனா. கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று அங்கம்மா சொல்லிப் பார்த்தாள்.

“நீங்க இருக்கறப்ப அது எதுக்குக்கா?”

தொழிற்சாலைக் கேன்டீனில் கேட்ட ஒரு சொல் நினைவில் இருந்தது. இறைச்சிக்கு ‘நிக்கு’ என்பார்கள். பரிமாறும் பையன் பக்கத்தில் வந்ததும் அங்கம்மா நிமிர்ந்து, “நிக்கு, டமே!” என்றாள்.

அவன் ஒரு கணம் விறைத்துப் போனான். மூன்று முறை குனிந்துவிட்டு உள்ளே ஓடினான். சமையல்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, தானும் குனிந்துவிட்டுப் போனார். கடைசியில் ஐந்து பேருக்கும் வெள்ளைச் சோறும், ஊறுகாயும், ஆளுக்கொரு கட்டி தோஃபுவும் வந்தது.

“பாத்தியா, அக்கா பேசினா எப்படி பயப்படுறாங்க,” என்றான் ரூபேந்திரன் பெருமையாக. சிங்கப்பூரில் அறுபது பேருக்கு மேலதிகாரியாய் இருக்கும் ஆள். பயத்துக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவனைத்தான் வீட்டிலேயே அதிகம் படித்தவன் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அங்கம்மா தோஃபுவை விழுங்கினாள்.

இரண்டாம் நாள் கோட்டை. மஞ்சள் நேரம் ஒன்பதிலிருந்து பதினொன்றரை. படியில் நின்று ஒரு படம், வாசலில் ஒரு படம், மதில் ஓரத்தில் பிள்ளைகள் துள்ளுவதுபோல ஒரு படம். அந்தத் துள்ளல் பதினாலு தடவை எடுக்கப்பட்டது. எல்லாவற்றிலும் இளையவன் ஜீவன் கண்ணை மூடியிருந்தான். ஆறு வயதுப் பிள்ளை, பாவம், பதினைந்தாவது தடவை துள்ளமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சந்தோஷமா இருக்கணும்னுதானே வந்தோம்? சிரி!” என்று அதட்டினாள் பிரவீனா. ஹிராயாமாவாவது சிரிக்கச் சொல்லி அதட்டியதில்லை.

மூத்தவள் தேன்மொழி வேறு ரகம். ஒன்பது வயது. எதைக் கண்டாலும் நின்று வாசிப்பாள். கோட்டைக்குள் ஏறும்போது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அங்கம்மாவிடம் திரும்பினாள்.

“அத்தே, மரப்படி கிறீச்சுகிறீச்சுனு சத்தம் போடும்னு சொல்வீங்களே. இது சிமெண்டுப் படி.”

“மாத்திக் கட்டிட்டாங்க லா.”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல சிமெண்டுல கட்டினதுன்னு கீழ போட்டிருக்கு. நீங்க வந்தது தொண்ணூத்தேழு.”

அங்கம்மா அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள். கண்ணை விலக்காமல் அதுவும் பார்த்தது. முடி அளவு கீறலைப் பிடிக்கும் கண். இந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருத்திக்குத்தான் அது இருந்தது.

“கால் வலிக்குது, பேசாம ஏறு,” என்றாள்.

நான்காம் நாள் அட்டையில் முழுக்க மஞ்சள். ‘பிள்ளைகள் வேலை நகரம்’ என்று எழுதியிருந்தது. ஒரு பெரிய கடைத்தொகுதியின் மேல்மாடி முழுவதையும் குட்டி ஊராகக் கட்டியிருந்தார்கள். கூரையில் எப்போதும் அந்திநேர வானம். தெருவிளக்கு, தபாலாபீசு, தீயணைப்பு நிலையம், ரொட்டிக் கடை, ஆஸ்பத்திரி. எல்லாம் முக்கால் உயரத்தில். சின்னப் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு அங்கே வேலை செய்கிறார்கள். பெற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறார்கள். அரைமணி வேலைக்கு விளையாட்டுக் காசு கொடுப்பார்கள்.

“நாம காசு கட்டி, நம்ம பிள்ளைங்க வேலை செய்யணும். அப்படித்தானே?” என்று கேட்டாள் அங்கம்மா.

“வேலையோட மதிப்பு தெரியணும்லக்கா. இந்த வயசுலயே அதுங்களுக்கு ஒரு அனுபவம்.”

“பத்து வயசுல நான் ரப்பர் பால் வாளி தூக்கினேன். யாரும் என்னைப் படம் பிடிக்கல.”

“அது வேறக்கா,” என்றாள் பிரவீனா. வேறுதான். அது எப்படி வேறு என்று அவளிடம் கேட்டால் ஒரு லெமினேட் அட்டை போட்டுக் கொண்டுவந்தாலும் வருவாள்.

ஜீவன் முதலில் தீயணைப்பு வண்டியில் ஏறினான். மணி அடித்துக்கொண்டு போய், அட்டைச் சன்னலில் எரிந்த விளக்கு நெருப்பின்மேல் தண்ணீர் பாய்ச்சினான். அவன் முகத்தில் அந்த வாரத்திலேயே முதல்முறையாகச் சொல்லாமல் வந்த சிரிப்பு. அதைப் படம் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிரவீனா அடுத்த வரிசைக்கு இடம்பிடிக்கப் போயிருந்தாள்.

அடுத்த வரிசை ஒரு குட்டித் தொழிற்சாலை. அங்கம்மா கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்து நின்றாள். நீலத் தொப்பி, ஓடும் பட்டை, வட்ட விளக்கு. பட்டையில் சிவப்பு பொம்மைக் கார்கள் வரும். பிள்ளைகள் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போடவேண்டும்.

உள்ளே ஆறு பிள்ளைகள். தேன்மொழியும் ஜீவனும் ஓரத்தில். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். பட்டை ஓடியது. மற்ற பிள்ளைகள் வந்ததையெல்லாம் அள்ளிப் பச்சைப் பெட்டியில் கொட்டினார்கள். அந்தப் பெண் கைதட்டினாள். பச்சைப் பெட்டி நிறைந்ததும் அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அதே கார்கள் மறுபடி பட்டையில் வந்தன. கண்ணாடி வழியாக அங்கம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் அவள் கழுத்தை ஒடித்த வேலையை இவர்கள் பொம்மலாட்டம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கும் வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறது உலகம்.

தேன்மொழி மட்டும் ஆட்டத்தை ஆட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காரைச் சாய்த்தாள். திருப்பினாள். விளக்குக்குக் கீழே இன்னொரு தடவை சாய்த்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். கையில் எடுத்தவிதம் சரி. சாய்த்த கோணம் சரி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கம்மா தன்னையறியாமல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள்.

மணி அடித்தது. நேரம் முடிந்தது. அந்தப் பெண் சிரித்தபடியே வந்து, தேன்மொழியின் சிவப்புப் பெட்டியில் இருந்த மூன்று காரையும் எடுத்துப் பச்சைப் பெட்டியில் போட்டு, “ஓக்கே, ஓக்கே!” என்றாள். தேன்மொழி அதை மறுபடி எடுத்துச் சிவப்பில் போட்டாள். அந்தப் பெண் மறுபடி பச்சையில் போட்டாள். தேன்மொழி மூன்று காரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் அடுத்த ஆறு பிள்ளைகள் தொப்பியோடு காத்திருந்தார்கள். அவர்களின் பெற்றோர் இவளைப் பார்க்காததுபோலப் பார்த்தார்கள்.

“ஐயோ, மானம் போகுது,” என்றாள் பிரவீனா. “அக்கா, உள்ள போய்ப் பேசுங்க. நீங்கதான் பேசணும்.”

கதவைத் திறந்துவிட்டார்கள். ரூபேந்திரன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். அக்கா ஜப்பான் மொழி பேசுவதை இன்னும் யாரும் பதிவு செய்ததில்லையே.

அங்கம்மா உள்ளே போனாள். தேன்மொழியின் கையிலிருந்து ஒரு காரை வாங்கி விளக்கின் கீழே சாய்த்தாள். கதவோரத்தில் ஒரு கீறல். நிஜமான கீறல். எத்தனையோ பிள்ளைகள் கைபட்டு வந்தது. இந்த ஆட்டத்தில் கெட்டது என்று அவர்கள் கணக்கில் வைத்த கார் இது அல்லவோ என்னவோ. ஆனால் கீறல் கீறல்தானே.

காரைத் தூக்கி அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கிஸு!”

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது.

“கிஸு. டமே!” அங்கம்மாவின் குரல் தானாக ஏறியது. “யரினாவோஷி! ஹயாக்கு!”

அந்தப் பெண் இடுப்புவரை குனிந்தாள். எழவில்லை. “சுமிமாசென்,” என்றாள் தரையைப் பார்த்து. காது சிவந்திருந்தது.

அங்கம்மாவுக்கு அந்தக் கணம் தேனாய் இனித்தது. பொய் சொல்லக்கூடாது. இருபத்தேழு வருடம் கழித்து ஒருத்தி தன் முன்னால் குனிகிறாள். அந்த இனிப்பு இறங்குவதற்குள் அந்தப் பெண்ணின் கை கண்ணில் பட்டது. இரண்டு கையும் ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. ஹிராயாமாவின் முன்னால் அங்கம்மாவின் கைகளும் அப்படித்தான் கசக்கும். அவளுடைய ஏப்ரன் நீலம்.

நடுவயது மேலாளர் ஒருவர் ஓடி வந்தார். கையில் மொழிபெயர்க்கும் கருவி. அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு, அங்கம்மாவின் சொற்களைத் திருப்பிக் கருவியிடம் சொன்னார். கருவி ஆங்கிலத்தில், உணர்ச்சியே இல்லாமல், சத்தமாக ஒப்பித்தது. கீறல். கூடாது. திரும்பச் செய். சீக்கிரம்.

பிறகு அவர் அங்கம்மாவிடம் நேராக ஏதோ நீளமாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நின்றாள். அவர் மறுபடி கேட்டார். நின்றாள்.

கதவருகே ரூபேந்திரனின் கை கீழே இறங்கியது.

“அத்தே,” என்றாள் தேன்மொழி தரையில் இருந்தபடியே. “உங்களுக்கு ஜப்பான் பாஷை தெரியாதா?”

“திட்டத் தெரியும்,” என்றாள் அங்கம்மா.

அவளுக்குத் தெரிந்த சொற்களில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்துக் குனிந்து, “சுமிமாசென்,” என்றாள். அந்தப் பெண் பதறி இன்னும் கீழே குனிந்தாள். இவள் மறுபடி குனிந்தாள். மேலாளரும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் மாறிமாறிக் குனிந்து நிமிர்ந்து, யார் நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஓடியது. சீ, இந்தச் சனங்களோடு சண்டைகூட ஒழுங்காய்ப் போட முடியாது என்று அங்கம்மாவுக்கு எரிச்சல் வந்தது. தேன்மொழியைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டிவந்தாள். அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து, கீறல் விழுந்த காரைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே ஒரு முக்கால் உயரப் பெஞ்சியில் நான்கு பேரும் முழங்கால் மடங்க உட்கார்ந்தார்கள். ஜீவன் மட்டும் நின்றுகொண்டு ரொட்டி தின்றான்.

“அப்ப அந்தக் கோட்டை, மீனு, எல்லாம்?” என்று கேட்டான் ரூபேந்திரன்.

“ஏர்போட்ல வாங்கின படம்.”

“ஏன்கா சொல்லல?”

“நீ எங்க கேட்ட? கோட்டை எவ்ளோ உசரம்னு கேட்ட. மீனு எவ்ளோ பெரிசுன்னு கேட்ட. சாப்பிட்டியா, தூங்கினியான்னு ஒருத்தரும் கேக்கல.” நிறுத்திவிட்டு, “மூணு மாசத்துல ஒருத்தன்கூட எங்கிட்ட பேசலடா. ஏசினாங்க. அதத்தான் கத்துக்கிட்டு வந்தேன்,” என்றாள்.

ரூபேந்திரன் தன் காலணியைப் பார்த்தான். பேச்சுக்குப் பதில் காலணியைப் பார்ப்பது அந்த வீட்டு ஆண்களுக்குப் பரம்பரைச் சொத்து.

பிரவீனாவுக்கு வேறு கவலை. “என் ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்க்கா, நாத்தனார் ஜப்பான் பேசுவாங்கன்னு. போற எடத்துல எல்லாம் உங்கள நம்பித்தான்...” பாதியில் விட்டுவிட்டு அட்டையைப் புரட்டினாள். பதினைந்து நிமிடம் பிந்திவிட்டது.

மறுநாள் படகு சவாரி என்று இருந்தது. பிரவீனா தலைவலி என்றாள். அந்தத் தலைவலியோடு காலை பத்து மணிக்குக் கடைவீதிக்குப் போனாள். ரூபேந்திரனும் பை தூக்கப் போனான். “பிள்ளைங்கள ரூம்லயே வெச்சிருங்கக்கா. வெளிய போனா உங்களால வழி கேட்டு வர முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். நேற்றுவரை ஒசாகாவையே விலைக்கு வாங்கித் தரக்கூடிய ஆளாக இருந்தவளுக்கு இன்றைக்குத் தெருவைக் கடக்கக்கூடத் தெரியாதாம்.

அவர்கள் தலை மறைந்ததும் அங்கம்மா பிள்ளைகளுக்குச் செருப்பை மாட்டினாள்.

தங்கியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் மேடேறிப் போனால் ஒரு பொதுப் பூங்கா. எந்த அட்டையிலும் இல்லாத இடம். அங்கே மேட்டின் உச்சியிலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து இறங்கும் ஒரு சறுக்கு. பலகைச் சறுக்கு அல்ல. நெருக்க நெருக்கமாய் இரும்பு உருளைகள் வைத்த சறுக்கு. உட்கார்ந்தால் உருளை சுழன்று ஆளைக் கீழே கொண்டுபோகும். பின்பக்கம் கடகடவென்று நடுங்கும். ஊர்ப் பிள்ளைகள் விவரமாக அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஜீவன் ஒரு தடவை போனான். பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆட, கீழே போய் விழுந்து, எழுந்து, “அத்தே! பொச்சு ஆடுது!” என்று கத்தினான். உலு திராம் பக்கத்து மலாய்க் கிராமத்துக்கே கேட்டிருக்கும். மறுபடி மேட்டில் ஓடி ஏறினான். பிறகு அவனை யாரும் சிரிக்கச் சொல்லவேண்டி வரவில்லை.

அங்கம்மா அந்தச் சறுக்கை ஒரு பார்வை பார்த்தாள். “இதயா விளையாட்டுனு வெச்சிருக்கானுங்க? இது எங்க பேக்கிங் செக்ஷன்ல பெட்டி தள்ளுற சாமான்.”

“நீங்க அதுல ஏறியிருக்கீங்களா?” என்று கேட்டாள் தேன்மொழி.

“ஏறினா வேலை போயிரும்.”

தேன்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்தே, நெசமா அங்க என்னதான் இருந்துச்சு? தூங்கின ரூம் எப்படி இருக்கும்?”

யாரும் கேட்காத கேள்வி. அங்கம்மா சொன்னாள். ஆறு கட்டில். நடுவில் ஓர் அடுப்பு. டின் மீன் கறி. சன்னலில் ஒட்டிய நாடா. சன்னல் வழியாக எதிர்க்கட்டடத்தில் காயப்போட்ட துணி மட்டும் தெரியும். அதை வைத்தே அந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் புதுச் சட்டை, பிள்ளை பிறந்திருக்கிறதா என்று ஐந்து பெண்களும் பந்தயம் வைப்பார்கள். ஏப்ரலில் அந்தக் கொடியில் குட்டிச் சட்டைகள் தொங்கியபோது அங்கம்மா ஜெயித்தாள். பந்தயப் பணமாக நான்கு சாக்லேட்.

“கோட்டையவிட இது நல்லா இருக்கு,” என்றாள் தேன்மொழி. இரக்கப்பட்டுச் சொல்கிறாளா என்று அங்கம்மா சாய்த்துப் பார்த்தாள். இல்லை. கீறல் எதுவும் இல்லை.

“சரி, எழுந்திரு. அந்த அட்டைய எடு.”

“நீங்களா?”

“இப்ப எந்த ஹிராயாமா என்னை வேலையவிட்டுத் தூக்கப் போறான்?”

ஐம்பத்தொரு வயது அங்கம்மா, சுடிதாரை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு, அட்டைமேல் உட்கார்ந்து, முன்னால் ஜீவனையும் பின்னால் தேன்மொழியையும் வைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் வளைவிலேயே அட்டை தனி வழி போய்விட்டது. மிச்ச தூரம் முழுக்க இரும்பும் எலும்பும்தான். கீழே போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் ஒரே குவியல். மண்வெட்டியோடு நின்ற பூங்காக் கிழவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். இந்த ஊர் அவளை மூன்று மாதம் பார்க்காமல் இருந்தது, இப்போது நன்றாய்ப் பார்க்கட்டும். அங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். உலு திராமில்கூட அவளிடம் யாரும் கேட்டிராத சிரிப்பு அது. அதற்குப் பிறகும் ஐந்து தடவை ஏறினாள்.

ஒரு மணிக்கு ரூபேந்திரனும் பிரவீனாவும் தேடிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் கால்சட்டை பின்பக்கம் கறுத்திருந்தது. பிரவீனா அதட்ட வாய் திறந்தவள், ஜீவனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

“அப்படியே இரு. மறுபடி ஒரு தடவை எறங்கு, அம்மா வீடியோ எடுக்கிறேன். சிரிச்சுக்கிட்டே வா.”

ஜீவன் ஏறி இறங்கினான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இறங்கினான். அங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சில சாமான்கள் எத்தனை முறை திரும்பச் செய்தாலும் பச்சைத் தொட்டிக்கு வராது.

ரூபேந்திரன் மட்டும் பையையெல்லாம் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, சாப்பிட்டியா?” என்றான்.

“இப்பவா கேக்குற?” என்றாள். ஆனால் அவன் நீட்டிய சோற்று உருண்டையை வாங்கிக்கொண்டாள். கடற்பாசி சுற்றியது. ருசி மட்டம்தான். முழுசாய்த் தின்றாள்.

மிச்ச இரண்டு நாளும் அட்டைப்படியே நடந்தன. கேட்க வேண்டியதையெல்லாம் பிரவீனா கைத்தொலைபேசியிடம் கேட்டாள். காலையில் ஒரு மணி நேரம், யாரிடமும் சொல்லாமல், மூன்று பேர் மேடேறிப் போய் வந்தார்கள். திரும்பும் விமானத்தில் அங்கம்மா போர்வையை நாலாய் மடித்து இருக்கையில் போட்டு, அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

“இடுப்பு வலியாக்கா?” என்று கேட்டாள் பிரவீனா.

“சீட்டு சரியில்ல,” என்றாள் அங்கம்மா. பக்கத்தில் தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.